மூலையில் குமுறிய ஜி சுரம்

ஈரோட்டில் எங்கள் இசைக்குழுவுக்கு வாங்க இரண்டு சிறிய பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை (ஒலிபெருக்கிகளை) ஒப்பிட்டபோது, ஒன்றில் மட்டும் நான்காம் தந்தியின் ஜி சுரம் குமுறியது. தாழ்ந்த ஒலிகளுக்கான பேஸ் குமிழை அடியோடு குறைத்தும் அடங்கவில்லை. தந்தி, கேபிள் என மாற்றியே நான்கு நாள்கள் வீணாயின.

இரண்டையும் இடம் மாற்றி வைத்த பிறகே, குமுறல் ஆம்ப்போடு நகராமல் சுவர் மூலையிலேயே நிற்பது தெரிந்தது. அந்தச் சுரம் ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கர் அதைச் சரிவரத் தராது என்பதால் காதில் மோதியது அதன் இருமடங்கான 98 ஹெர்ட்ஸ்தான், அதைத்தான் மூலை பெருக்கியிருந்தது.

பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்ட நாற்காலியில், சுவரிலிருந்து நான்கடி தள்ளி ஆம்ப்பை வைத்தேன். பேஸுக்குச் சற்று மேலான ஒலிகளுக்குரிய லோ-மிட் குமிழைச் சற்றே குறைத்ததும் சுரம் தெளிந்தது. இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக் கேட்டபோது, குமுறுகிறதென்று முதலில் ஒதுக்கிய ஆம்ப்பே எனக்குப் பிடித்திருந்தது.