பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ: ரீமேப் செய்வதற்கு முன்

ரீமேப் செய்யும் எண்ணத்தில், அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டும் எண்ணத்தில், செகண்ட்ஹேண்ட் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் பார்க்கப் போகிறீர்களா? நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். 2013-இல் வந்த அந்த 1.2 லிட்டர் டர்போ இன்ஜினில் இருப்பது டைமிங் செயின்; வால்வுகளும் பிஸ்டன்களும் மோதாமல் ஒத்து இயங்க வைப்பது இதுதான். அது தளர்ந்திருந்தால் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் வரும். இன்ஜின் சூடாக இருந்தால் அது கேட்காமலே போகலாம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும், அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ். இது டிஎஸ்ஜி எனும் 7 கியர் ஆட்டோமேட்டிக், இதில் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். மேட்டில் நிறுத்தி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். உதறினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. ஸ்கேன் கருவி போட்டு மெக்கட்ரானிக்ஸ் (கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) கோளாறு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அந்த வண்டியே வேண்டாம்.

சரி, ரீமேப். கம்பெனி தரும் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 175 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸ் தாங்கும் வரம்பு 250. நான் 220 பக்கமே நிறுத்தச் சொல்வேன். அதற்கு முன் ஸ்பார்க் பிளக்கை மாற்றி, பூஸ்ட் கசிவையும் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியில் கசிகிறதா என்று) சோதித்துவிடுங்கள். ஃபோக்ஸ்வேகனின் 502 00 தர இன்ஜின் ஆயிலை 15,000 கிலோமீட்டர் வரை ஓட்டாமல் 7,500-இல் மாற்றுங்கள். பெரிய கியரில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள்.