மான் வேட்டைக்கு ரைஃபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவில் உரிமம் பெற்று வெள்ளைவால் மானை வேட்டையாடச் செல்பவர் முதலில் துப்பாக்கிக் குழலில் பொறித்துள்ள தோட்டா வகையின் பெயரைப் பார்க்க வேண்டும். தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள எழுத்து அதனோடு பொருந்தவில்லை என்றால் அந்தத் தோட்டாவைப் போடவே கூடாது.

குண்டு என்பது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து செல்லும் பகுதி; அதன் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்வார்கள். .243 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு 95 முதல் 100 கிரெய்ன், .270 வகைக்கு 130, .308க்கு 150 கிரெய்ன் (ஏறத்தாழ 9.7 கிராம்) எடையுள்ள குண்டுகள் மானுக்குப் போதும். பெரிய தோட்டாவே நல்லது என்று புதியவர்கள் பலர் நம்புகிறார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்பவரின் .300 மேக்னம் என்ற வலிய தோட்டாவைவிட, நிதானமாகச் சுடுபவரின் .243 எவ்வளவோ மேல் என்பேன்.

எடையைவிடக் குண்டின் அமைப்பே முக்கியம். முழு உலோக உறையிட்ட குண்டு விரியாமல் ஊடுருவி வெளியேறுவதால் மான் காயத்தோடு நெடுந்தூரம் ஓடித் துன்புறக்கூடும். பல மாநிலங்கள் வேட்டைக்கு அதைத் தடைசெய்துள்ளன. மென்முனைக் குண்டோ பட்டதும் காளான்போல விரிந்து, நுரையீரலைச் சிதைத்து, விரைவில் உயிரைப் போக்கிவிடும். அந்த உயிரின் வேதனையை நீட்டிக்காதிருப்பது வேட்டைக்காரரின் கடமை.

தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் வடிவ மேகசின் (தோட்டா அறை) கொண்ட .30-30 ரைஃபிளில் கூர்முனை உலோகக் குண்டு முன்னுள்ள தோட்டாவின் பிரைமரை (அடிப்பகுதியில் உள்ள, தட்டினால் தீப்பற்றும் சிறு மூடியை) அழுத்தி வெடிக்கச் செய்யலாம் என்பதால், தட்டைமுனையையே வாங்க வேண்டும்.

ஈயக் குண்டின் நுண்துகள்கள் இறைச்சியில் தங்கிவிடும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமற்ற தோட்டா கட்டாயம். செம்புக் குண்டுக்கு மாறுபவர் சற்று எடை குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, 100 கஜத்தில் மீண்டும் குறி சரிபார்க்க வேண்டும்.