ஆன்லைன் காலத்தில் விட்ட பாடம்: மீட்கும்போது செய்யும் தவறுகள்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுக் கல்லூரிகள் ஓரளவு ஒழுங்காகத் திறக்க 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் நேரடி வகுப்பு மறுபடி நின்றது. அந்த நாட்களில் நழுவிய பாடம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் எடுப்பதால் இதை நேரில் பார்க்கிறேன்.

முதல் தவறு, மதிப்பெண்ணை நம்புவது. வீட்டிலிருந்து எழுதிய தேர்வில் பக்கத்தில் புத்தகம் இருந்தது. 2021-ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பாதி மதிப்பெண் பத்தாம் வகுப்பிலிருந்து வந்தது. இதில் மாணவர் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் எது தெரியும், எது தெரியாது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

பெரிய தவறு, தடுக்கி விழுந்த இடத்திலேயே படிப்பது. பொறியியல் கணிதத்தில் வரும் லாப்லாஸ் உருமாற்றம் புரியவில்லை என்று ஒரு மாணவி வந்தார். நான்கு புத்தகம் புரட்டியிருந்தார். உட்கார வைத்துக் கேட்டால், சிக்கல் பகுதித் தொகையிடலில் (integration by parts) இருந்தது. அது மேல்நிலைப் பள்ளிப் பாடம். அதைப் போட வராதவருக்கு லாப்லாஸின் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பதே தெரியாது, மனப்பாடம்தான் மிஞ்சும். எனவே பின்னோக்கிப் போங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, யார் உதவியும் இல்லாமல் போட முடிகிற கணக்கு வரும்வரை. அது ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமாக இருந்தாலும் சரி. அங்கிருந்து தொடங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் மேலே வந்துவிடலாம். அந்த மாணவி அப்படித்தான் மேலே வந்தார்.

அப்புறம், பழைய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் சோதித்தார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வீடியோவை நிறுத்துங்கள், வெள்ளைத்தாளில் எழுதுங்கள்.

லேப்பை வீடியோவில் பார்த்து ரெக்கார்டு எழுதியவர்கள் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) மட்டும் தயாராவதும் தவறுதான். மின்னோட்டம் அளக்க மல்டிமீட்டரைத் தொடரில் இணைக்க வேண்டும் என்று வாய் சொல்லும். கை நேராக சப்ளையின் குறுக்கே வைத்து ஃப்யூஸை எரித்துவிடும். லேப் பொறுப்பாளரிடம் மாலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள், பலர் தருவார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. "இதெல்லாம் பிளஸ் டூவிலேயே படிச்சிருப்பீங்க" என்று சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு தெரியாதவர் வாயே திறக்கமாட்டார். முதல் வகுப்பில் பெயர் எழுதாத தாளில் ஐந்து கேள்வி கொடுங்கள், மதிப்பெண் வேண்டாம். எங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது என்று அன்று மாலையே தெரிந்துவிடும்.