இமை அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கோருவது எப்படி?

என் அம்மா நாளிதழ் படிக்கும்போது ஒரு கையால் தாளையும் மறு கை விரலால் வலது இமையையும் பிடித்துக்கொள்வார். அறுவைச் சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டபோது, "அழகுக்கான சிகிச்சை" என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. மருத்துவரின் சீட்டில் இமைத் தொய்வு என்று இருந்ததே தவிர, பார்வையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு நேராதிருக்க இதை எழுதுகிறேன்.

படி 1: பாலிசியில் விலக்குகள் பகுதியை எடுத்து, 08 என்ற குறியீடுள்ள விதியைப் படியுங்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தரப்படுத்திய அந்த விதியின்படி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்குத் தேவையானது என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளிக்கும் சிகிச்சைக்கும் மட்டுமே விதிவிலக்கு உண்டு. கண்ணுக்குக் கீழே உள்ள பைகளை அகற்றுவதற்கு இதில் இடமில்லை. அதற்குச் சொந்தப் பணத்தை ஒதுக்கிவிடுங்கள். பாலிசி எடுத்த பின் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: இதுதான் முக்கியமான படி. கண்ணில் விளக்கடிக்கும்போது கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கும் மேல் இமை விளிம்புக்கும் இடையிலான தூரத்தைக் கண் மருத்துவர் அளந்து எழுத வேண்டும். இயல்பாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும் அது 2 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இருந்தால் பார்வை மறைவதற்கு வலுவான சான்றாகும். நேரே பார்த்தபடி சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனையை இமை தொங்கிய நிலையில் ஒருமுறையும், பிளாஸ்திரி ஒட்டித் தூக்கிய நிலையில் மறுமுறையும் செய்யச் சொல்லுங்கள். இமையைத் தூக்கி ஒட்டியதுமே அம்மா, "மேலே கடிகாரம் மாட்டியிருக்கிறதே!" என்றார்; அதுவரை அது அவர் கண்ணில் படவே இல்லை. நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த புகைப்படங்களும் தேவை. இவை அனைத்தையும் அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள், ஏனெனில் தைத்துத் தூக்கிய இமையைக் காட்டி, முன்பு அது கண்ணை மறைத்தது என்று நிரூபிக்க முடியாது.

படி 3: இந்த அளவுகளையும் அன்றாட வேலைகளில் ஏற்படும் இடையூறுகளையும் குறிப்பிட்டு மருத்துவர் தரும் கடிதத்துடன், சில நாள் முன்னதாகவே கேஷ்லெஸ் (மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் செலுத்தும்) அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

படி 4: மறுத்தால், எந்த விதியின்கீழ் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். தமிழ்நாட்டினருக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு பரிசோதனைத் தாள்களையும் இணைத்து மீண்டும் விண்ணப்பித்ததும் அனுமதி வந்தது.