வெட்டுப்பட்டால் துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள்

குலசேகரம் பக்கம் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்குத் தெரியும், கத்தி வழுக்கினால் நேராகக் கையில்தான் இறங்கும். உடனே கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடியின் இலையைக் கசக்கி வைப்பார்கள், வீட்டில் என்றால் காப்பித்தூள், மஞ்சள்தூள். எதுவும் வேண்டாம். சின்னக் கீறல் தானாகவே நின்றுவிடும், ஆழமான வெட்டில் அந்தத் தூள் அழுக்காய் உள்ளே தங்கும். ஒருமுறை என் கையிலிருந்து நர்ஸ் காப்பித்தூளைக் கழுவி எடுத்தபோது, வெட்டுப்பட்டதே பரவாயில்லை என்று தோன்றியது.

சுத்தமான துவர்த்து, அதாவது துண்டு, ஒன்று போதும். நாலாக மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள், கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி, அதன்மேல் ஃபைப்ரின் இழைகள் வலை மாதிரிப் பின்னித்தான் அடைப்பு உண்டாகிறது, துணியை உரித்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்துங்கள். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காமல் சுற்றிலும் அழுத்த வேண்டும்.

அழுத்தியும் கை காலிலிருந்து பீய்ச்சி அடித்தால்தான் கட்டு. காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் வராமல், அகலமான துணியைச் சுற்றி, குச்சி செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். மெல்லிய கயிறு சதையை அறுக்கும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், நீங்களே அவிழ்க்காதீர்கள், 108-க்கு அடியுங்கள்.

ஆசாரிபள்ளம் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியில் தையல், ரத்தக்குழாயைச் சுட்டு அடைப்பது எல்லாம் உண்டு. டிரானெக்சாமிக் ஆசிட் என்ற ஊசி, உண்டான அடைப்பு கரையாமல் காக்கும், 1960-களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது. பெரிய அடிபட்டவருக்கு அதை 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதனால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குளச்சலில் உரித்து எறிகிறோமே இறால் ஓடு, அதிலிருந்து எடுக்கும் கைட்டோசானில்கூட ரத்தம் நிறுத்தும் பஞ்சுத்துணி செய்கிறார்கள்!

அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ சாப்பிடுகிறவர் என்றால் ரத்தம் லேசில் நிற்காது, மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.