பேஜ்மேக்கரும் பப்ளிஷரும் விடைபெறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கம் அமைக்கப் பயன்படும் பப்ளிஷர் மென்பொருளுக்கான ஆதரவு 2026 ஒக்டோபருடன் நிறுத்தப்படும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 365 சந்தா வழியாக அதைப் பயன்படுத்துவோரால் அதன்பின் பப்ளிஷர் கோப்புகளைத் திறக்கவோ திருத்தவோ முடியாது. ஒரேயடியாக விலை கொடுத்து வாங்கிய பதிப்பு தொடர்ந்து இயங்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கமாட்டா. கொழும்பின் தமிழ் அச்சகங்களுக்கு இத்தகைய நிலைமை புதிதன்று. அல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1994இல் அடோபியின் கைக்கு மாறி, 2001இல் 7.0 பதிப்பைக் கண்டு, 2004இல் வளர்ச்சி நின்றுபோனது. ஆயினும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் திருமண அழைப்பிதழையும் கும்பாபிஷேக மலரையும் முப்பத்தோராம் நாள் நினைவு மலரையும் அதிலேயே பக்கம் அமைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழக்கத்தில் குறை காண்பது என் நோக்கமன்று. பல ஆண்டு உழைப்பு திறக்க முடியாத கோப்புகளாக மாறிவிடக்கூடாது என்பதே என் கவலை.

முதல் தவறு, கணினி ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடுவது. வன்தட்டு பழுதாகும் நாள் பெரும்பாலும் வேலை நெரிசலான நாளாகவே அமையும். நாட்காட்டி அச்சிடும் மார்கழியிலோ, முகூர்த்தங்கள் நிறைந்த மாதத்திலோ புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்ள எவருக்கும் நேரம் இராது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. பழைய கணினியை வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் இணையத் தொடர்பைத் துண்டித்து, வன்தட்டின் முழு நகலொன்றை வேறிடத்தில் வைத்துக்கொண்ட பின்னரே வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதும் என்று நம்புவது. பிடிஎஃப் கட்டாயம் வேண்டும். பக்கம் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் பாமினி எழுத்துருவில் அமைத்த பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குத் தமிழாக இருப்பதில்லை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தோன்றும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அந்தப் பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. ஒரு பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்து விழும். ஆகவே பிடிஎஃப் எடுப்பதோடு நின்றுவிடாமல், எழுத்தையும் தனியே மீட்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியாக வேண்டும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், எழுத்தை மீட்பது முந்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மாற்றத்தில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன. பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை வெறும் உரையாக ஏற்றுமதி செய்தால் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் அழிந்துபோகும். கொழும்பில் ஒரே பக்கத்தில் தமிழுக்குப் பாமினியும், சிங்களத்துக்கு எஃப்எம் அபயாவும், ஆங்கிலத்துக்கு வேறோர் எழுத்துருவும் இருப்பது வழக்கம். மூன்றும் கலந்த உரையை, பாமினியை ஒருங்குறியாக்கும் கருவியான மாற்றியில் அப்படியே இட்டால், ஆங்கில முகவரியும் சிங்களப் பெயரும்கூடத் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். ஆர்டிஎஃப் வடிவில் ஏற்றுமதி செய்தால் எழுத்துருத் தகவல் உடன்வரும். ஒவ்வொரு மொழிப் பகுதியையும் பிரித்தெடுத்துத் தனித்தனியே மாற்றலாம்.

மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. பாமினியில் ‘அவர்’ என்பதன் இறுதி எழுத்தைக் காலும் புள்ளியும் சேர்த்தே தட்டச்சிடும் வழக்கம் உண்டு. இதை அறியாத மாற்றி, ‘அவா்’ என்று ஆக்கிவிடும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ‘கௌரவ’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான்: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து ‘கெளரவ’ என்று வந்துவிடும். அழைப்பிதழ்களில் அமைச்சர் முதல் பாடசாலை அதிபர் வரை பெயருக்கு முன்னால் வரும் சொல் அது. ஆகையால் வாசித்துப் பார்ப்பதோடு நில்லாமல், கால் எழுத்தை அடுத்துப் புள்ளி வரும் இடங்களையும் ‘கெள’, ‘மெள’, ‘பெள’ என்று வரும் இடங்களையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். ‘கெளுத்தி’ போன்ற சொல்லில் ளகரம் சரியானதே என்பதால், ஒரேயடியாக மாற்றிவிடும் கட்டளையை இங்கே பயன்படுத்தக்கூடாது.

புதிய மென்பொருளைப் பெயர் கேட்டுத் தெரிவு செய்வதும் தவறுதான். பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. அதற்கு மாற்றாக வருவது தமிழ் ஒருங்குறியைச் சரியாகக் கோக்குமா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு சிஎஸ்6 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. எனினும் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். அதைக் கண்டு இன்டிசைனில் தமிழ் வராது என்று முடிவு கட்டி, மீண்டும் பாமினிக்கே திரும்புவதற்கு நியாயமே இல்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பேஜ்மேக்கரின் 6.0 முதல் 7.0 வரையான கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 திறந்துகொள்ளும், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் டிரோ, பேஜ்மேக்கர் கோப்பையும் பப்ளிஷர் கோப்பையும் ஓரளவு திறந்து காட்டும். எழுத்தை எடுத்துக்கொள்ள அதுவே போதுமாகலாம். ஸ்கிரைபசும் இலவசம், 2024இல் வெளியான அதன் 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கிறது. எதைத் தெரிவு செய்வதாக இருந்தாலும், ‘ஸ்ரீ’, ‘கொ’, ‘மௌ’, ‘க்ஷே’ ஆகியவை அடங்கிய ஒரு பக்கத்தை அமைத்துப் பிடிஎஃப் எடுத்து, பிளேட் போடும் இடத்திலும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

ஒருங்குறிக்கு மாறினால் தட்டச்சை மீண்டும் பழக வேண்டியிருக்கும் என்ற அச்சமே பல அச்சகங்களைப் பின்வாங்கச் செய்கிறது. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே ஒருங்குறியைத் தட்டச்சிட இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. விரல்கள் பழகிய இடங்களிலேயே இயங்கும். பல ஆண்டு அனுபவமுள்ள தட்டச்சாளரின் வேகமும் குறையாது.

படங்களைப் பற்றி ஒரு சொல். பேஜ்மேக்கர் பெரும்பாலும் மூலப்படத்தைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் இடத்தையும் தெளிவு குறைந்த ஒரு பிரதியையும் மட்டுமே வைத்திருக்கும். பக்கக் கோப்பை மட்டும் புதிய கணினிக்குக் கொண்டுவந்தால், மறைந்தவரின் முகம் திரையில் தெரிந்தாலும் அச்சில் கட்டம் கட்டமாகச் சிதையும். படக் கோப்புறைகளையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும்.

எல்லாக் கோப்புகளையும் மாற்ற முனைவதும் வீண் உழைப்பு. கழிந்துபோன திருமண அழைப்பிதழுக்குப் பிடிஎஃப் போதும். ஆண்டுதோறும் திருத்தி வெளியிடும் கோயில் உற்சவ விஞ்ஞாபனத்தையும் பாடசாலை மலரின் நிலையான பக்கங்களையும் முதலில் மாற்றலாம். நினைவு மலர்களில் வாழ்க்கை வரலாற்றையும் தேவார திருவாசகப் பக்கங்களையும் மீட்பது பயனுள்ளது. தேவாரப் பக்கங்களை ஒருமுறை செம்மையாக மெய்ப்புப் பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த மலர்களுக்கெல்லாம் உதவும். அதே மலரின் வம்சவிருட்சப் பக்கத்தில் ஒவ்வொரு பெயரும் தனித்தனிப் பெட்டியில் இருப்பதால், ஏற்றுமதி செய்து கோத்துக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகத் தட்டச்சிடுவதே விரைவாக முடியும். அப்படித் தட்டச்சிட்ட பெயர்களைக் குடும்பத்தார் ஒருவரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. பெயருக்கு முன்வரும் முதலெழுத்துகள் அங்கேதான் அதிகம் பிழைபடும்.

பழைய கணினியை விற்பதையோ பழைய இரும்புக்குப் போடுவதையோ, மாற்றிய கோப்புகளிலிருந்து குறைந்தது ஒரு வேலையையாவது தொடக்கம் முதல் அச்சுவரை செய்து முடிக்கும்வரை தள்ளிவைக்க வேண்டும். பாமினி உள்ளிட்ட எழுத்துருக் கோப்புகளையும் அதிலிருந்து படியெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் சற்றே வேறுபட்ட பல பதிப்புகள் புழங்குவதால், இணையத்தில் கிடைக்கும் பாமினி உங்கள் பழைய பக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.