ஒழுகும் மொட்டை மாடியை நாமே சரிசெய்வது: தண்ணீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் இருந்து வெள்ளைப் பூச்சு வரை

போன வருஷம் ஐப்பசியில் முதல் மழை விழுந்த ராத்திரி அம்மா போன் போட்டாங்க. “ஹால்ல ஃபேன் மாட்டுற கொக்கி வழியா சொட்டுது பாப்பா, கீழ வாளி வச்சிருக்கேன்.” நான் அப்போது சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தேன். முதலில் ஹால் சுவிட்சு எல்லாவற்றையும் அணைத்து ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. ஏனென்றால் அதே வருஷம் சித்திரையில் லீவுக்கு வந்தபோது, அந்தக் கொக்கிக்கு நேர் மேலே இருந்த விரிசலை நானே அடைத்து, மேலே வெள்ளைப் பூச்சும் அடித்துவிட்டுப் போயிருந்தேன்.

இந்தத் தைப்பொங்கல் லீவில் மதுரை திருநகர் வீட்டில் மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்த ஐப்பசி, கார்த்திகை இரண்டும் தாண்டிவிட்டது, ஒரு சொட்டு இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டை வைத்திருப்பவர்களுக்கு லீவு நாட்கள்தான் கணக்கு. நாலு வாரம் கையில் இருந்தால் இந்த வேலையை நிதானமாக முடிக்கலாம்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மதுரையில் அதில் பாதிகூட இல்லை. அப்புறம் ஏன் நம் ஊர் மாடிதான் அதிகம் ஒழுகுகிறது? காரணம் வெயில். 40 டிகிரியில் பகல் முழுக்கக் காய்ந்து விரிந்த தளம், சாயங்காலம் இடிமழை கொட்டியதும் சட்டென்று சுருங்குகிறது. வருஷா வருஷம் இப்படி விரிந்து சுருங்கித்தான் தட்டோட்டு (மாடித் தளத்தில் பதிக்கும் தட்டையான ஓடு) இணைப்புகளும் கைப்பிடிச் சுவரின் அடியும் விட்டுப்போகின்றன.

எப்போது செய்வது

தை, மாசி. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. சித்திரையில் தயவுசெய்து வேண்டாம். நான் அப்போது காலை பதினொரு மணிக்குப் பூச்சு அடித்தேன். தூரிகையை இழுக்கும்போதே காய்ந்தது. ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிட்டது. சூடான தளத்தில் பூச்சு ஊறிப் பிடிப்பதற்குள் மேல்தோல் காய்ந்துவிடும். காலை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல்.

தண்ணீர் எங்கே நுழைகிறது? இங்கேதான் நான் தோற்றேன்

கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்தேன். அது தப்பு. நம் ஊர் மாடியில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டுக்கு அடியில் இறங்கிய தண்ணீர் அந்த ஜல்லிக்குள்ளேயே வாட்டம் (சரிவு) பார்த்து ஓடும். கான்கிரீட்டில் எங்கே வழி இருக்கிறதோ அங்கே இறங்கும். பெரும்பாலும் அது கரண்டு பைப் புதைத்த இடமாகவோ ஃபேன் கொக்கியாகவோ இருக்கும்.

சிங்கப்பூரில் எங்கள் குளியலறைக் கூரையில் ஒருமுறை ஈரம் வந்தது. அங்கே வீவக வீடுகளில் கூரைக் கசிவு என்றால் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பொறுப்பேற்றுச் சரிசெய்ய வேண்டும். ஆகவே யாரும் அவசரப்பட்டு எதையும் பூசுவதில்லை. கசிவைப் பார்க்க வந்தவர் மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டு, எங்கள் கூரையில் ஈர ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் போனார். மறுநாள் வந்து கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தார். அதைத்தான் இங்கே மாடியில் செய்தேன்.

மாடியை நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். களிமண்ணால் ஒரு சாண் அகலத்துக்குப் பாத்தி வரப்பு கட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் மணல் நிரப்பிய பாலித்தீன் பையைத் துணி சுற்றி அடைத்துவிடுங்கள். பாத்தியில் ஒரு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் போதும். பத்துக்குப் பத்து அடியில் ஒரு இன்ச் தண்ணீரே ஏறக்குறைய 235 கிலோ. அதற்குமேல் நிரப்ப வேண்டாம். வாட்டத்தின் தாழ்ந்த பாகத்திலிருந்து தொடங்குங்கள். மேட்டுப் பாகத்தை முதலில் நனைத்தால் அந்த ஈரம் அடியில் ஓடி வந்து எல்லாக் கணக்கையும் குழப்பிவிடும்.

சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். வாளியில் எவ்வளவு குறைகிறதோ அது வெயில் குடித்தது. பாத்தியில் அதைவிட அதிகமாகக் குறைந்தால் மிச்சம் உள்ளே போகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் 24 மணி நேரம்.

ஃபேன் கொக்கிக்கு நேர் மேலே இருந்த பாத்தியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றது. கீழே ஒன்றுமில்லை. மூன்றாவது பாத்தி, தென்மேற்கு மூலை, கொக்கியிலிருந்து எட்டு அடி தள்ளி. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டேன். பத்தரைக்குக் கீழே பென்சில் கோட்டுக்கு வெளியே ஒரு நகக்கண் அளவுக்குக் கறை கறுத்து நகர்ந்திருந்தது. மேலே போய்க் குனிந்து பார்த்தால், துணிக்கொடி கட்ட அப்பா அந்தக் காலத்தில் நட்ட இரும்புக் கம்பி. துரு ஏறிப் பருத்து, சுற்றியிருந்த காரையை முடி அளவுக்குப் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் சின்னச் சின்னக் குமிழி வந்து உடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் இவ்வளவுதான் ஓட்டை.

உதவிக்கு வந்த கொத்தனார் பார்த்துவிட்டு, “விரிசல அடைச்சியே தாயி, கம்பியப் பாத்தியா?” என்று கேட்டார். அதையே இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். டிஷ் ஆன்டெனா கால், தண்ணீர்த் தொட்டிக் குழாய், கொடிக்கம்பி, கைப்பிடிச் சுவர் அடி. முதலில் இவற்றைப் பாருங்கள்.

சுத்தம்

பாசி, பழைய சுண்ணாம்பு, உரிந்த பூச்சு எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். கழுவி, மூன்று நாள் காய விடுங்கள். காய்ந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்வை மாதிரி துளி இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடைப்பது

கம்பியை அறுத்து எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான். கொடியை இப்போது தரையில் துளை போடாமல், சிமென்ட் நிரப்பிய இரண்டு பெயின்ட் வாளியில் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறோம்.

விரிசலை அப்படியே மேலாக மெழுகினால் நிற்காது. உளியும் சுத்தியலும் கொண்டு சுண்டுவிரல் அகலத்துக்கு, அதே ஆழத்துக்கு வாயைத் திறக்க வேண்டும். கட்டிங் மெஷின் வேகமானதுதான். ஆனால் புதிதாகச் செய்பவர் கையில் அது நல்ல தட்டோட்டையும் சேர்த்து வெட்டிவிடும். எனக்கு உளிதான் பிடிக்கும். தூசியை ஊதி, தூரிகையால் துடைத்து, லேசாக நனைத்து, ஒரு பங்கு சிமென்ட் மூன்று பங்கு சலித்த மணலில் லேடெக்ஸ் கலந்து இரண்டு தடவையாக அடையுங்கள். லேடெக்ஸ் என்றால் ஹார்டுவேர்ஸ் கடையில் பால் மாதிரி வெள்ளையாக டப்பாவில் கிடைப்பது. நான் வாங்கியது டாக்டர் ஃபிக்ஸிட் யூஆர்பி. வெறும் சிமென்ட் பாலை ஊற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். காயும்போது சுருங்கி, அதே இடத்தில் புது விரிசல் விடும். நூல் அளவு விரிசல்களுக்குப் பேஸ்ட்டாக வரும் கிராக் ஃபில்லர் போதும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடக்கூடாது. அதே கலவையை மூன்று இன்ச் உயரத்துக்கு உள்வளைவாகப் பூசுங்கள். வழவழப்பாக வர கண்ணாடிப் பாட்டிலின் வயிற்றுப் பக்கத்தை நனைத்து இழுத்தால் அழகாக வரும். மூன்று நாள் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். அப்புறம் நன்றாகக் காய விட்டு, மறுபடி அந்தப் பாலித்தீன் சோதனை செய்யுங்கள்.

பூச்சு

பூச்சு என்று நான் சொல்வது மொட்டை மாடிக்கென்று டின்னில் விற்கும், தண்ணீரைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சை. முதல் கோட் தண்ணீர் கலந்து மெலிதாக. எவ்வளவு தண்ணீர் என்பது டின்னிலேயே போட்டிருக்கும். அதை நாலு இன்ச் தூரிகையால்தான் அடிக்க வேண்டும். ரோலர் ஓட்டின் இணைப்புக்குள் இறங்காது. மூலைகளிலும் குழாய் வாயிலும் இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலைத்துணியைப் பதித்து அழுத்திவிடுங்கள். முந்தின கோட்டுக்குக் குறுக்காக அடுத்த கோட். நான் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அடித்தேன்.

வெறும் சுண்ணாம்பு அடித்தால் போதாதா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். சுண்ணாம்பு சூட்டைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. தண்ணீரைத் தடுக்காது.

ஏழு நாள் கழித்து அந்தத் தென்மேற்கு மூலையில் மறுபடி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். 24 மணி நேரமும் பென்சில் கோடு அப்படியே இருந்தது. ஹால் கூரைக்கு வெள்ளையடிப்பதை அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். கூரையின் சிமென்ட் பூச்சு பெயர்ந்து உள்கம்பி துருவோடு வெளியே தெரிந்தால் அது நம் கைவேலை இல்லை, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு மதுரை மாசி வீதிப் பக்கம் ஒருவர், தன் வீட்டில் பாத்தி கட்டலாமா என்று கேட்டிருந்தார். மர விட்டம் போட்டு, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சு என்றால் தண்ணீரை நிறுத்தவே கூடாது. எடை ஒருபுறம், விட்டத்தின் முனை ஊறி உளுத்துப்போகும் என்பது இன்னொருபுறம். சந்தேகப்படும் இடத்தில் மட்டும் ஈரச் சாக்கை இரண்டு மணி நேரம் போட்டு வைத்து, கீழே ஒருவர் டார்ச்சோடு நின்று பார்த்தால் போதும். நனைந்தது தெரிந்த உடனே சாக்கை எடுத்துவிட வேண்டும்.